மீன் கருவிலும் ஒரு 'பாடு' முறை: மரபணுக்களுக்கு 'முறை' வருவது எப்படி?

பழவேற்காடு ஏரியில் நினைத்த இடத்தில் வலை போட்டுவிட முடியாது. கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் மீனவர்களிடம் 'பாடு' என்ற பழைய ஏற்பாடு உண்டு. இறால் கிடைக்கும் இடத்தில் யார், எந்த நாளில் வலை இறக்கலாம் என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். இடம் எப்பவும் அங்கேதான் இருக்கு. ஆனா முறை வந்தால்தான் வலை.

இதே ஏரியில் பிடிபடும் கொடுவா மீனின் முட்டைக்குள்ளும் கிட்டத்தட்ட இதுதான் நடக்கிறது. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத முட்டை. கருவுற்று 16 முதல் 18 மணி நேரத்தில் குஞ்சு வெளியே வந்துவிடும். அதற்குள் எந்த மரபணு எப்போது வேலை செய்ய வேண்டும் என்பதை முடிவு செய்யும் இடத்துக்குப் பெயர்தான் 'புரோமோட்டர்'.

புரோமோட்டர்னா என்ன?

டிஎன்ஏவில் ஒவ்வொரு மரபணுவும் தொடங்கும் இடத்தில் இருக்கும் சிறு பகுதி அது. மரபணுவைப் படியெடுக்கும் புரதங்கள் முதலில் அங்கே வந்து உட்கார வேண்டும். உட்கார இடம் கிடைக்கலைன்னா அந்த மரபணு இருந்தும் இல்லாததுபோலத்தான்.

முதல் 3 மணி நேரம்

இதை விஞ்ஞானிகள் அதிகம் பார்த்தது வரிக்குதிரை மீனில். கங்கைச் சமவெளி ஓடைகளில் வாழும், நம்ம ஊர் மீன் தொட்டிகளிலும் நீந்தும் சின்ன மீன். முட்டை கண்ணாடி மாதிரி இருப்பதால் உள்ளே நடப்பது அப்படியே தெரியும். டெல்லியில் உள்ள ஐஜிஐபி ஆய்வகம் 2009-ல் இதன் முழு மரபணுத் தொகுப்பையும் படித்தது.

கருவுற்ற முதல் 3 மணி நேரம் கருவின் மரபணுக்கள் பெரும்பாலும் தூக்கத்தில்தான் இருக்கும். அப்போ செல்கள் எப்படிப் பெருகுது? அம்மா மீன் கட்டிக்கொடுத்த கட்டுச்சோறுதான். முட்டை உருவாகும்போதே அவள் அடைத்துவைத்த புரதங்களும் ஆர்என்ஏ குறிப்புகளும் வைத்து ஒரு செல் ஏறக்குறைய ஆயிரம் செல்லாகிறது.

அதுவரை புரோமோட்டர்களை அடைத்துக்கொண்டிருப்பவை ஹிஸ்டோன் என்ற புரதங்கள். நூல் சுற்றும் உருளை மாதிரி டிஎன்ஏவைத் தங்கள் மேல் சுற்றி வைத்திருக்கும். செல்கள் பெருகப் பெருக டிஎன்ஏவும் பெருகும். இருப்பில் உள்ள ஹிஸ்டோன் எல்லாவற்றுக்கும் போதாது. அந்த இடைவெளியில் நானாக், சாக்ஸ்19பி, பௌ5எஃப்3 என்ற புரதங்கள் நுழைந்து வழி திறக்கின்றன. இந்த மூன்றும் சேர்ந்து இல்லாத கரு, உடல் வடிவம் எடுக்கும் முன்பே நின்றுவிடுவதாக 2013-ல் வெளியான ஆய்வு காட்டியது.

2014-ல் இன்னொரு ஆச்சரியம். பல மரபணுக்களுக்கு ஒரே புரோமோட்டருக்குள் இரண்டு விதமான தொடக்கக் குறியீடுகள் இருக்கின்றன. அம்மாவின் முட்டை ஒன்றைப் படிக்கிறது. கரு விழித்ததும் மற்றொன்றுக்கு மாறிவிடுகிறது.

அப்பாவுக்குப் பங்கே இல்லையா? இருக்கு. டிஎன்ஏ மேல் ஒட்டும் 'மெத்தில்' எனும் பூட்டுகள், விழிக்கும் நேரத்தில் விந்தணுவில் இருந்த அமைப்புக்கே மாற்றப்படுகின்றன. இது வரிக்குதிரை மீனில் கண்டது. எல்லா உயிருக்கும் பொருந்தாது.

மனிதக் கருவிலும் இதே விழிப்பு உண்டு, கொஞ்சம் நிதானமாக. ஏறக்குறைய மூன்றாம் நாள், 4 முதல் 8 செல் இருக்கும்போது நடக்கிறது. செயற்கைக் கருத்தரிப்பில் பல கருக்கள் அந்தக் கட்டத்தில்தான் நின்றுபோகின்றன.

பழவேற்காட்டுக்கு என்ன சம்பந்தம்?

அந்தக் கட்டுச்சோற்றைக் கட்டுவது அம்மா மட்டுமே. இதில் கொடுவாவின் கதையே தனி. முதலில் ஆணாக வளர்ந்து, சில ஆண்டுகள் கழித்துப் பெரிதான பிறகு பெரும்பாலும் பெண்ணாக மாறும். இந்த ஆண், பெண் வேறுபாட்டிலும் மெத்தில் பூட்டுகள் இருப்பதை 2018-ல் ஆஸ்திரேலியக் கொடுவாவில் கண்டார்கள். ஆண் தன்மை தரும் ஒரு மரபணு பெண் மீன்களில் கூடுதலாகப் பூட்டப்பட்டிருந்தது.

ஆக, வலையில் விழும் பெரிய கொடுவா பெரும்பாலும் தாய் மீன். முட்டையிட அது ஏரியை விட்டு உப்பு அதிகமுள்ள கடலோர நீருக்குப் போயாக வேண்டும். பழவேற்காடு முகத்துவாரம் மணல் மூடிக் கிடந்தால் அந்த வழி அடைபடும்.

சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997-ல் கொடுவாவைப் பண்ணையில் முட்டையிட வைத்தது. அங்கேயும் முதல் வேலை, தாய் மீன்களை நல்ல தீனி கொடுத்துத் தயார் செய்வதுதான்.