நூல்களின் அடையாளம்

அச்சேறிய தமிழ் நூல்களைத் தேடித் தொகுத்து, பொருள்வாரியாக வகைப்படுத்திய பட்டியலொன்றை 1865இல் சென்னையில் வெளியிட்டார் ஜான் மர்டாக். ஸ்காத்லாந்திலிருந்து வந்த இக்கிறிஸ்தவத் தொண்டர் இந்து, இஸ்லாமிய நூல்களையும் அதில் சேர்த்தது கருதத்தக்கது. 1867ஆம் ஆண்டுச் சட்டம் நூலின் தலைப்பு, ஆசிரியர், அச்சிட்ட இடம், படிகளின் எண்ணிக்கை, விலை ஆகியவற்றைப் பதிவு செய்யும் கடமையை அரசுக்கு அளித்தது.

பன்னாட்டுத் தர நூல் எண் 1970இல் பத்து இலக்கங்களுடன் தரமாக ஏற்கப்பட்டது. 2007 முதல் பதின்மூன்று இலக்கங்கள் கொண்டது. அவற்றுள் 81, 93 என்பன இந்தியாவைச் சுட்டும். அடுத்து வருவன பதிப்பகத்தையும் நூலையும் குறிக்கும். இறுதி இலக்கம் எண்ணை எழுதுவதில் நேரும் பிழையைக் காட்டிக்கொடுக்கும்.

1867ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கிய 2023ஆம் ஆண்டுச் சட்டம் பருவ இதழ்களை மட்டுமே பதிவுக்கு உட்படுத்துகிறது. நூல் எண்ணைப் பெறுவதும் சட்டக் கட்டாயமன்று. எனினும், 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி சென்னைக் கன்னிமாரா நூலகத்திற்குப் பதிப்பாளர் ஒரு படி அனுப்புதல் வேண்டும்.

ஆகவே பொறுப்பு நம்முடையதாகிறது. ஆண்டும் இடமுமின்றி நாம் அச்சிடும் சபை வரலாறுகளையும் அருளுரைத் தொகுப்புகளையும் நாளைய மாணவர் எவ்வாறு இனங்காண்பர்? எண்ணைப் பெறுவோம், ஆசிரியர், ஆண்டு, இடம், பதிப்பு ஆகியவற்றைத் தவறாது பொறிப்போம், நூலகத்திற்குப் படி அனுப்புவோம். மர்டாக் தேடித் தொகுத்த உழைப்பிற்கு நாம் செய்யத்தக்க கைம்மாறு இதுவே.