"எவ்வளவு குடிச்சே?": போதையும் குற்றத்துக்கு இரையாதலும்

கூலி கைக்கு வந்த சனிக்கிழமை இரவு. மதுக்கடை அடைத்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். பேருந்து நிலையத்தில் கட்டடத் தொழிலாளி ஒருவர் நினைவின்றிக் கிடக்கிறார். சட்டைப்பையின் உள்துணி வெளியே தொங்குகிறது. பணமும் இல்லை, கைபேசியும் இல்லை. காலையில் காவல் நிலையத்துக்குப் போனால், என்ன பறிபோனது என்பதற்கு முன்பே "எவ்வளவு குடிச்சே?" என்ற கேள்வி வரும். அதற்கு அஞ்சியே பலர் போவதில்லை.

இந்தக் கேள்விக்குக் குற்றவியலிலும் ஒரு வரலாறு உண்டு. குற்றவியலாளர் மார்வின் வூல்ஃப்கேங் 1958-இல் வெளியிட்ட ஆய்வு, ஃபிலடெல்ஃபியாவின் 588 கொலைகளை எடுத்துக்கொண்டது. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நிகழ்வுகளில் கொன்றவரோ, இறந்தவரோ, இருவருமோ குடித்திருந்தனர். 'இறந்தவரே தூண்டிய கொலை' என்ற வகையையும் அவரே வகுத்தார். முதலில் கை ஓங்கியவர் இறந்தவரா என்பது அவர் வைத்த கறாரான அளவுகோல். அவருடைய மாணவர் மெனாக்கெம் அமீர் 1971-இல் அதைப் பாலியல் வன்முறைக்கும் நீட்டியபோது அளவுகோல் குழைந்தது. பாதிக்கப்பட்ட பெண்ணின் நடத்தையே விசாரணைக்கு உள்ளாயிற்று. இது பிழை. மயங்கிக் கிடப்பவர் யாரையும் தூண்டுவதில்லை. எதிர்க்க முடியாதவர், சொன்னாலும் நம்பப்படாதவர் என்று கணக்குப் போட்டு அவரைத் தேர்ந்தெடுப்பவன் குற்றவாளி.

டீன் கில்பாட்ரிக் குழுவினரின் 1997 ஆய்வை இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். அமெரிக்கப் பெண்கள் 3,006 பேரை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்தார்கள். போதைப்பொருள் பழக்கம் இருந்தவர்கள் புதிதாகத் தாக்கப்படும் வாய்ப்பு கூடியிருந்தது. மதுவுக்கு அப்படி ஒரு தொடர்பு தென்படவில்லை. ஆனால் தாக்குதலுக்குப் பின் மது, போதைப்பொருள் இரண்டுமே கூடின, முன்பு தொட்டே பார்க்காத பெண்களிடமும். அடிபட்டதால் வந்த குடியைக் காட்டி, 'குடித்ததால்தான் அடி' என்று நாம் தீர்ப்பெழுதும் ஆபத்து இதில் தெளிவாகத் தெரிகிறது.

மதுவுக்கும் போதைப்பொருளுக்கும் ஏன் இந்த வேறுபாடு? சட்டமும் ஒரு காரணம் என்பது என் கருத்து. நம் நாட்டையே எடுத்துக்கொள்வோம்: இந்தியாவின் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தில் பிரிவு 27-இன்படி உட்கொள்வதே குற்றம். சிகிச்சைக்கு முன்வருபவருக்குப் பிரிவு 64அ விலக்கு அளிக்கிறது. புகார் கொடுக்க வருபவருக்கு அத்தகைய விலக்கு இல்லை. விற்பவனிடம் உதைபட்ட இளைஞன் நியாயம் கேட்க வேண்டுமென்றால் முதலில் தன்னையே காட்டிக்கொடுக்க வேண்டும். அவனை அடிப்பவனுக்கு இது நன்றாகத் தெரியும்.

பாதிக்கப்பட்டவரையே பழிப்பது அவர் இறந்த பிறகும் நிற்பதில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. குடும்பங்களுக்கு அரசு 10 லட்சம் ரூபாய் அறிவித்ததும், குடித்துச் செத்தவனுக்கு எதற்குப் பணம் என்ற குரல்கள் எழுந்தன. விஷம் விற்றவன் செய்த குற்றம் அந்தக் குரல்களில் மறைந்துபோயிற்று.

எதற்கு இசைகிறோம் என்பதே புரியாத போதையில் தந்த இசைவை இசைவாகவே ஏற்காத சட்டம் நம்முடையது. தன்னிலை இழந்தவருக்குக் காவல் வேண்டும் என்ற அந்த நெறி, புகார் மேசைக்கும் வர வேண்டும். பிரிவு 64அ-வின் விலக்கு புகார்தாரருக்கும் நீள வேண்டும். போதை மீட்பு மையத்தில் எப்போது தொடங்கினாய், நாளைக்கு எவ்வளவு என்று கேட்டு எழுதும் படிவத்தில் இன்னும் இரண்டு வரி சேர்க்கலாம்: உன்னை யார் அடித்தார்கள்? யாரிடமாவது சொன்னாயா?