ஏர் ஃபிரையரும் வீட்டுச் சமையற்பாத்திரங்களும்

ஏர் ஃபிரையர் என்பது சமையலறை மேடைமேல் வைத்து மின்சாரத்தால் இயக்கப்படும் கருவியாகும். மூடிய சிறு அறைக்குள் சூடான காற்றை விரைவாகச் சுழலவிட்டு அது உணவைச் சமைக்கிறது. எண்ணெயில் முக்கிப் பொரிக்கும் முறைக்கு மாற்றாக இது விற்கப்பட்டாலும், இயங்கும் முறையால் விசிறி பொருத்திய அடுமனை (ஓவன்) வகையையே சேர்ந்தது. இதன் ஆற்றலும் குறைகளும் இந்த ஒரு செய்தியிலிருந்தே பிறக்கின்றன. எந்தச் சமையலுக்கு எந்தப் பாத்திரம் என்னும் கேள்வியும் இதனோடு சேர்ந்தே எழுகிறது. கருவியாயினும் சட்டியாயினும், வெப்பம் உணவை எவ்வழியாக, எவ்வளவு விரைவாகச் சென்றடைகிறது என்பதும், உணவிலுள்ள புளிப்பு அந்தப் பொருளை என்ன செய்கிறது என்பதுமே தேர்வைத் தீர்மானிக்கின்றன.

தோற்றம்

விசிறியால் சூடான காற்றை உணவின்மேல் செலுத்தும் எண்ணம் புதியதன்று. அமெரிக்கரான வில்லியம் மாக்ஸன், விமானப் பயணத்தின்போது உறைய வைத்த உணவைச் சூடாக்குவதற்காக, விசிறியோடு கூடிய சிறிய அடுமனை ஒன்றை 1945-ஆம் ஆண்டையொட்டி உருவாக்கினார். பிற்காலத்தில் உணவகங்களிலும் வீடுகளிலும் பரவிய வெப்பச்சலன அடுமனைகளுக்கு அது முன்னோடியாக அமைந்தது. அதே நெறியை மேடைமேல் வைக்கத்தக்க அளவுக்குச் சுருக்கி, காற்றின் வேகத்தைக் கூட்டியவர் நெதர்லாந்தைச் சேர்ந்த ஃபிரெட் வான் டெர் வெய். அவருடைய வடிவமைப்பை ஏற்றுக்கொண்ட ஃபிலிப்ஸ் நிறுவனம் 2010-ஆம் ஆண்டு பெர்லின் நகரில் நடைபெற்ற மின்னணுப் பொருட்காட்சியில் இக்கருவியை அறிமுகப்படுத்தியது.

இயங்கும் முறை

கருவியின் மேற்பகுதியில் மின்தடைச் சுருளும் அதற்கு மேல் விசிறியும் உள்ளன. விசிறி தள்ளும் காற்று சுருளில் சூடேறிக் கீழிறங்கி, துளையிட்ட கூடையிலுள்ள உணவைச் சூழ்ந்து, கூடைக்கடியில் திரும்பி மீண்டும் மேலேறுகிறது. அறை சிறியது என்பதால் வெப்பநிலை சில நிமிடங்களில் உயர்கிறது. பெரும்பாலான கருவிகளில் 80 முதல் 200 பாகை செல்சியஸ் வரை வெப்பநிலையை அமைத்துக்கொள்ளலாம். எந்தப் பொருளையும் சூழ்ந்து நிற்கும் அசைவற்ற காற்றுப்படலம் வெப்பத்தைத் தடுக்கும் போர்வையாகச் செயல்படுகிறது. விரைந்து வீசும் காற்று அப்படலத்தை மெலியச் செய்வதோடு, உணவின் மேற்பரப்பில் எழும் நீராவியையும் உடனுக்குடன் அகற்றுவதால், மேற்புறம் உலர்ந்து மொறுமொறுப்பாகிறது. உலர்ந்த மேற்பரப்பின் வெப்பநிலை ஏறத்தாழ 140 பாகையைக் கடக்கும்போது, அமினோ அமிலங்களும் சர்க்கரையும் வினைபுரிந்து பொன்னிறத்தையும் வறுத்த மணத்தையும் தருகின்றன. பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீல் மயார் 1912-இல் விளக்கியதால் இவ்வினை மயார் வினை எனப்படுகிறது.

எண்ணெய் இப்பணியை வேறு வகையில் செய்கிறது. ஒரே அளவு இடத்தை அடைக்கும் எண்ணெயும் காற்றும் ஒரே வெப்பநிலையில் இருந்தாலும், எண்ணெய் தாங்கி நிற்கும் வெப்பம் காற்றினதைப்போல ஆயிரக்கணக்கான மடங்காகும். 180 பாகை எண்ணெயில் விழுந்த மாவு கணப்பொழுதில் உருவம் பிடிப்பதும், உள்ளிருக்கும் நீர் கொதித்துக் குமிழிகளாக வெளியேறி, அது விட்டுச்சென்ற நுண்துளைகளில் எண்ணெய் புகுவதும் இதனாலேயே. சூடான காற்றால் அந்த வேகத்தை எட்ட முடியாது. எனவே முறுக்கையும் தேன்குழலையும் ஏர் ஃபிரையரில் செய்ய முயல்வது வீண் வேலை. அவை பொரியாமல் காய்ந்து இறுகும். பஜ்ஜி, போண்டா போன்றவற்றின் தளர்ந்த மாவு இறுகுவதற்கு முன்பே துளைகளின் வழியே ஒழுகிவிடும். உளுந்து வடை ஓரளவு வெந்து சிவந்தாலும், எண்ணெயில் எழும் மேலோட்டின் முறுகல் அதற்கு வாய்ப்பதில்லை.

தமிழ்ச் சமையலில் பயன்பாடு

இக்கருவி சிறந்து விளங்குவது வறுவல்களில்தான். சேப்பங்கிழங்கைத் தோலோடு வேகவைத்து உரித்து, மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், உப்பு, சிறிது அரிசிமாவு ஆகியவற்றோடு இரண்டு தேக்கரண்டி எண்ணெய் சேர்த்துப் பிசறி, 190 பாகையில் வைத்தால் கால் மணி நேரத்தையொட்டி மொறுமொறுப்பான வறுவலாகிறது. வாணலியில் இதே பதத்துக்கு எண்ணெய் பல மடங்கு செலவாகும். வாழைக்காய், கருணைக்கிழங்கு, வெண்டைக்காய், மசாலா தடவிய வஞ்சிர மீன் துண்டுகள், கோழித் துண்டுகள் ஆகியவையும் நன்றாக அமைகின்றன. நமத்துப்போன வடை, சமோசா போன்றவற்றை மீண்டும் மொறுமொறுப்பாக்குவதில் நுண்ணலை அடுப்பைவிட இது பெரிதும் மேலானது. நுண்ணலை அடுப்பு மேற்பரப்பை ஈரமாக்கித் தளர்த்திவிடும், இது உலர்த்தும்.

எண்ணெயை முற்றிலும் நீக்குவது தவறான சிக்கனமாகும். மெல்லிய எண்ணெய்ப் பூச்சு மேற்பரப்பில் வெப்பத்தைப் பரப்புகிறது; மசாலாத்தூளை உணவோடு ஒட்டவைத்துக் கருகாமல் காக்கிறது. எண்ணெயில் குழையாத மிளகாய்த்தூள் வீசும் காற்றில் வறண்டு விரைவில் கருகிக் கசக்கும். அப்பளம், கறிவேப்பிலை போன்ற எடையற்ற பொருள்கள் காற்றில் மேலெழும்பிச் சூடேற்றும் சுருளில் ஒட்டித் தீய்ந்துபோகக்கூடும் என்பதால், அவற்றின்மேல் கம்பித்தட்டைக் கவிழ்த்து வைப்பது தேவையாகிறது. கூடையை நிரப்பிக் குவிப்பதே மிகுதியாக நிகழும் பிழை. துண்டுகளுக்கிடையே காற்று புக வழியில்லாவிடில் உணவு தன் ஆவியிலேயே புழுங்கி வெந்துவிடும். ஓரடுக்காகப் பரப்பி, நடுவில் ஒருமுறை குலுக்கிவிட்டால் எல்லாப் புறமும் ஒன்றுபோல் சிவக்கும். கோழிக்கறியின் மேற்புறம் சிவந்துவிட்டது என்பது உட்புறம் வெந்ததற்குச் சான்றன்று. நடுப்பகுதி 74 பாகையை எட்டியிருக்க வேண்டும்.

எண்ணெய் குறைந்ததால் தீங்கும் இல்லாமற்போயிற்று என்று கருதுவது சரியன்று. மாவுச்சத்து மிக்க உணவுகளை 120 பாகைக்கு மேல் வறுக்கும்போது, அவற்றிலுள்ள அஸ்பராஜின் என்னும் அமினோ அமிலமும் சர்க்கரையும் வினைபுரிந்து அக்ரிலமைடு என்னும் சேர்மம் உண்டாவதை 2002-இல் ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினர். விலங்குகளில் புற்றுநோயை உண்டாக்குவதாக அறியப்பட்ட இச்சேர்மம் எண்ணெயில் மட்டுமன்றிச் சூடான காற்றிலும் உருவாகிறது. உருளைக்கிழங்கைக் குளிர்பதனப் பெட்டியில் சேமித்தால் அதில் சர்க்கரை பெருகும் என்பதால் வெளியிலேயே வைப்பதும், நறுக்கிய துண்டுகளை அரை மணி நேரம் நீரில் ஊறவைத்து நன்கு துடைத்து உலர்த்துவதும், பழுப்பு நிறம் ஏறும் முன் பொன்னிறத்திலேயே எடுத்துவிடுவதும் இதன் அளவைக் குறைக்கும்.

பாத்திரங்களின் தேர்வு

ஏர் ஃபிரையர் குழம்பு வைக்காது, ரசம் கொதிக்கவைக்காது, தாளிக்காது. தமிழ் வீட்டுச் சமையலின் பெரும்பகுதி அடுப்பின்மேல் வைக்கும் பாத்திரங்களிலேயே நடைபெறுவதால், கருவிக்குச் செலவிடும் முன் பாத்திரங்களைச் சரியாக அமைத்துக்கொள்வதே முறையாகும்.

வெப்பத்தைக் கடத்தும் திறனில் உலோகங்களுக்கிடையே பெரும் வேறுபாடு உண்டு. மீட்டருக்கும் கெல்வினுக்கும் வாட் என்னும் அலகில் அளந்தால் செம்பு ஏறத்தாழ 400, அலுமினியம் 235, வார்ப்பிரும்பு 50, துருப்பிடிக்காத எஃகு 15 என அமைகின்றன. எவர்சில்வர் என வழங்கும் துருப்பிடிக்காத எஃகில் சாம்பார் அடிப்பிடிப்பது இதனாலேயே: தீச்சுடர் படும் இடத்தின் வெப்பம் பக்கங்களுக்குப் பரவாமல் அங்கேயே தேங்குகிறது. அடிப்பாகத்தில் அலுமினியத் தகட்டை இரு எஃகுத் தகடுகளுக்கிடையே பொதிந்து செய்த பாத்திரங்கள் இக்குறையைப் போக்குகின்றன. 1913-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி உருவாக்கிய எஃகிலிருந்து வளர்ந்த இவ்வகையில், 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் கலந்த எஃகு உணவுப் பாத்திரங்களுக்கு ஏற்றது. குரோமியம் காற்றோடு சேர்ந்து உண்டாக்கும் மெல்லிய ஆக்சைடு படலம் புளியாலும் தக்காளியாலும் எளிதில் அரிக்கப்படுவதில்லை. அன்றாடக் குழம்புக்கும் பொரியலுக்கும் இதைவிடக் கவலையற்ற பாத்திரம் வேறில்லை.

வார்ப்பிரும்பு மெல்லச் சூடேறி, ஏறிய சூட்டை நெடுநேரம் தாங்கி நிற்பது. குளிர்ந்த மாவு விழுந்தாலும் அதன் சூடு சட்டென்று தாழாது என்பதால் தோசைக்கல்லுக்கு இதற்கு இணை இல்லை. புதிய கல்லைப் பழக்குதல் என்பது, அரிசி களைந்த நீரில் சில நாள் ஊறவைத்துத் துலக்கியபின், மெல்லிய எண்ணெய்ப் பூச்சிட்டு மீண்டும் மீண்டும் சூடாக்குவதாகும். சூட்டில் எண்ணெயின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து கெட்டியான கரும்படலமாக இரும்பின்மேல் படிகின்றன. துருவைத் தடுப்பதும் மாவு ஒட்டாமல் காப்பதும் இப்படலமே. புளிக்குழம்பை இரும்புச் சட்டியில் நெடுநேரம் கொதிக்கவிட்டால் புளிப்பு இப்படலத்தைத் தின்று, குழம்பு கறுத்து இரும்பின் சுவை ஏறும்.

புளிப்புக்குரிய பாத்திரங்களைப் பழைய சமையலறை தனியே வைத்திருந்தது. சேலம் பகுதியில் மாக்கல்லைக் குடைந்து செய்யப்படும் கல்சட்டி புளியோடு வினைபுரிவதில்லை. அடுப்பிலிருந்து இறக்கிய பின்னும் வற்றல் குழம்பைக் கொதிக்கவைத்துக்கொண்டிருக்கும் அளவுக்குச் சூட்டைத் தேக்கி வைப்பது. புதுக் கல்சட்டிக்கு விளக்கெண்ணெயும் மஞ்சளும் தடவி ஊறவிட்டு, பின் சூடான வடிகஞ்சியை ஊற்றிப் பழக்குவது வழக்கம். முதலிலேயே பெருந்தீயில் வைத்தால் வெடித்துவிடும். ரசத்துக்குரிய ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. வெள்ளீயம் 232 பாகையிலேயே உருகுவதால், நீரோ ரசமோ ஊற்றிய பிறகே அதை அடுப்பில் ஏற்ற வேண்டும். உள்ளே நீர்மம் உள்ளவரை சூடு 100 பாகையை ஒட்டியே நிற்கும். நஞ்சான காரீயம் கலந்த சொம்புகளைக் கண்ணால் பார்த்துப் பிரித்தறிய முடியாது என்பதால், தூய வெள்ளீயம் என்று உறுதி தரும் கடையில் மட்டுமே இதை வாங்க வேண்டும். ஐயம் இருப்பின் வாங்காமலிருப்பதே நன்று. பித்தளை, செம்புப் பாத்திரங்களிலும் உட்புற வெள்ளீயப் பூச்சு தேய்ந்தவுடன் மீண்டும் பூசிக்கொள்வது இன்றியமையாதது.

அலுமினியம் எடையில் குறைந்தது, வெப்பத்தை நன்கு பரப்புவது. ஆனால் புளிப்பும் உப்பும் அதை மெல்லக் கரைக்கின்றன. மின்வேதி முறையில் மேற்பரப்பைக் கெட்டியான ஆக்சைடாக மாற்றிய ஆனோடைஸ் செய்த வகை இக்குறையிலிருந்து பெரிதும் விடுபட்டது. தூண்டல் அடுப்பு வைத்திருப்போர் மற்றொன்றையும் கருத வேண்டும்: அவ்வடுப்பு காந்தப்புலத்தால் பாத்திரத்தின் அடியிலேயே மின்னோட்டத்தைத் தூண்டி வெப்பத்தை உண்டாக்குவதால், அடிப்பாகத்தில் காந்தம் ஒட்டாத பாத்திரம் அதில் பயன்படாது. மண்சட்டிக்கும் கல்சட்டிக்கும் எரிவாயு அடுப்பே உரியது.

ஒட்டாப் பூச்சு

தவாக்களிலும் பெரும்பாலான ஏர் ஃபிரையர் கூடைகளிலும் பூசப்படுவது, டெஃப்லான் என்ற வணிகப் பெயரால் அறியப்பட்ட பாலிடெட்ராஃபுளூரோஎத்திலீன் என்னும் பலபடிச் சேர்மம் ஆகும். இதனை 1938-இல் டூபாண்ட் நிறுவனத்தின் ராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்டறிந்தார். பிரான்ஸ் நாட்டின் மார்க் கிரெகுவார் அதை அலுமினியத்தின்மேல் பதிக்கும் வழி கண்டு, 1956-இல் டெஃபால் நிறுவனத்தைத் தொடங்கினார். இதன் தயாரிப்பில் முன்பு பயன்பட்ட பெர்ஃபுளூரோஆக்டனாயிக் அமிலம் உடலிலும் சுற்றுச்சூழலிலும் நெடுங்காலம் தங்கும் தீங்குடைய பொருளென அறியப்பட்டு, 2019-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் நீக்கப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பூச்சைப் பொறுத்தவரை 260 பாகைக்குள் பயன்படுத்துவது பாதுகாப்பானது. வெறும் தவாவைப் பெருந்தீயில் மறந்து விட்டுவிட்டால் சில நிமிடங்களில் அது இந்த எல்லையைத் தாண்டிவிடும். 350 பாகையை நெருங்கும்போது பூச்சு சிதைந்து வெளிவரும் புகை மனிதர்க்குக் காய்ச்சலை உண்டாக்கும். வீட்டில் வளர்க்கும் கிளி போன்ற பறவைகளைக் கொன்றுவிடும். ஏர் ஃபிரையரின் வெப்பநிலை 200 பாகையளவில் கட்டுப்படுத்தப்படுவதால், அங்கே பூச்சைக் கெடுப்பது சூட்டைவிடக் கரண்டியும் கம்பிநாருமே. மரக்கரண்டியும் மென்மையான பஞ்சும் கூடையின் ஆயுளை நீட்டிக்கின்றன.

கருவிக்குள் வேறு பாத்திரம் வைப்பதாயின் எவர்சில்வர் கிண்ணம், சிறு இரும்புச் சட்டி, போரோசிலிகேட் கண்ணாடி, உணவுத்தரச் சிலிகோன் ஆகியவை பொருந்தும். ஞெகிழிக் கிண்ணங்களும் ஈயச்சொம்பும் அதனுள் புகக் கூடாதவை. தாள் விரிப்பை உணவின் எடை இல்லாமல் முன்சூடாக்கும்போது வைத்தால், காற்று அதைச் சுருளின்மேல் தூக்கியடித்துத் தீப்பற்றச் செய்யும்.

வாங்குதலும் பராமரிப்பும்

இரண்டு பேர் உள்ள வீட்டுக்கு 2 முதல் 3 லிட்டர் கூடையும், நால்வருக்கு 4 முதல் 6 லிட்டர் கூடையும் போதுமானவை; உணவை ஓரடுக்காகப் பரப்ப வேண்டியிருப்பதால் கூடையின் ஆழத்தைவிட அடிப்பரப்பின் அகலமே முதன்மையானது. மின்திறன் பெரும்பாலும் 1200 முதல் 1800 வாட் வரை அமைகிறது. 1500 வாட் கருவி 230 வோல்ட்டில் 6.5 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுப்பதால், விளக்குக்கும் விசிறிக்கும் உரிய 6 ஆம்பியர் இணைப்பில் அதைச் செருகுவது ஆபத்தானது. 16 ஆம்பியர் இணைப்பே வேண்டும். அக்கருவி 20 நிமிடம் ஓடினால் மிகுதியாக அரை யூனிட் மின்சாரம் செலவாகும். வெப்பக்காற்று வெளியேறும் பின்புறத்துக்கும் சுவருக்குமிடையே ஒரு சாண் இடைவெளி விடுவதும், சுருளில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கைக் கருவி ஆறியபின் ஈரத்துணியால் துடைப்பதும் புகையைத் தடுக்கும். பூச்சு உரிந்த கூடையைத் தொடர்ந்து பயன்படுத்துவது கூடாது. ஆனால் அதற்காகக் கருவி முழுவதையும் கழிக்க வேண்டியதும் இல்லை. கூடையை மட்டும் தனியே மாற்றிக்கொள்ள முடியுமா என்பதை வாங்குவோர் கடையிலேயே கேட்டு உறுதிசெய்துகொள்வது நல்லது.