தோட்டத்து ‘மருந்தும்’ சுற்றுச்சூழல் இயக்கமும்

மலேசியத் தோட்டங்களில் களைக்கொல்லி நஞ்சுக்கு ‘மருந்து’ என்றே பெயர். அதனைத் தெளிக்கும் தொட்டியை முதுகில் சுமந்தவர்கள் பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள். உலகச் சுற்றுச்சூழல் இயக்கத்தின் வரலாறு நம் மக்களின் வாழ்வைத் தொட்ட இடங்களுள் இது முதன்மையானது.

இரசாயன நஞ்சுகளைப் பற்றிய பெரும் எச்சரிக்கை 1962ஆம் ஆண்டு அமெரிக்காவில் எழுந்தது. உயிரியல் அறிஞர் ரேச்சல் கார்சன் அம்மையார் தமது ‘மௌன வசந்தம்’ என்னும் நூலில், டி.டி.டி. போன்ற பூச்சிக்கொல்லிகள் மண்ணிலும் நீரிலும் தங்கி, பறவைகளையும் மனிதரையும் வந்தடைவதைச் சான்றுகளுடன் விளக்கினார். இரசாயனத் தொழில்துறையினர் அவரைக் கடுமையாகச் சாடினர். 1964இல் அவர் மறைந்தார். 1972இல் அமெரிக்கா டி.டி.டி.யை வேளாண்மையில் தடை செய்தது. அதே ஆண்டு ஸ்டாக்ஹோமில் ஐக்கிய நாட்டு மாநாடு கூடியது. மலேசியாவின் சுற்றுச்சூழல் தரச் சட்டம் 1974இல் நிறைவேறியது.

சட்டம் வந்தும் தோட்டங்களில் மருந்தடிப்பு ஓயவில்லை. ரப்பர், செம்பனை மரங்களின் அடியில் மண்டும் களைகளை அழிக்கப் பாராகுவாட் பெருமளவில் பயன்பட்டது. விலை மலிவு, தெளித்த சில மணி நேரத்திலேயே புல் வாடத் தொடங்கும். தோட்ட நிர்வாகங்கள் அதனை விரும்பியதில் வியப்பில்லை. ஆனால், உடலுக்குள் சென்றால் நுரையீரலைச் சிதைக்கும் அந்நஞ்சுக்கு முறிவு மருந்து இன்றுவரை இல்லை. நகம் கழலுதல், மூக்கில் இரத்தம் வடிதல், தோல் புண் ஆகியவை மருந்தடித்த பெண்களுக்குப் பழகிப்போன துன்பங்கள். முகமூடியும் கனத்த உடையும் அணியுமாறு விதிப்பது எளிது. நம் நாட்டு வெயிலில் அவற்றை அணிந்து வேலை செய்வோர்க்கே அதன் புழுக்கம் தெரியும்.

1982இல் பினாங்கில் கூடிய பன்னாட்டு ஆர்வலர்கள், பூச்சிக்கொல்லிகளின் தீங்கை எதிர்க்கும் உலக வலையமைப்பைத் தோற்றுவித்தனர். 1991இல் ஐரின் பெர்னாண்டஸ் அம்மையார் நிறுவிய தெனாகானித்தா, அவ்வமைப்பின் ஆசியக் கிளையுடன் சேர்ந்து தோட்டப் பெண்களைச் சந்தித்து, அவர்தம் நோய்களைப் பதிவு செய்தது. படிப்பறிவு குறைந்த பாட்டாளிப் பெண்களின் வாய்மொழி ஆவணமாயிற்று என்பதே இதன் தனிச்சிறப்பு. 2002இல் அரசு பாராகுவாட்டைப் படிப்படியாக விலக்க முடிவு செய்தது. தொழில்துறையினர் எதிர்த்தனர், 2006இல் கட்டுப்பாடு தளர்ந்தது. முழுத் தடை 2020 ஜனவரி முதல் நாளன்றுதான் நடப்புக்கு வந்தது.

இடைப்பட்ட பதினெட்டு ஆண்டுகளில் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. நம் மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தனர். தொட்டி இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளரின் முதுகுக்கு மாறியது. இளமையில் மருந்தடித்த தாய்மார் பலர் இன்று நகர்ப்புறக் கோயில்களின் மூத்த அடியார்களாய் உள்ளனர்.