கொலஸ்ட்ராலும் அயனித் திரவங்களும் - ஒரு சின்ன வரலாறு

கொலஸ்ட்ரால் என்றதும் எல்லோருக்கும் இரத்தப் பரிசோதனைச் சீட்டுதான் ஞாபகம் வரும். ஆனால் அது இல்லாமல் மனித உடம்பில் ஒரு செல்கூட ஒழுங்காக நிற்காது. அந்தக் கதை 1925-ல் தொடங்குகிறது.

அந்த வருடம் ஹாலந்தின் லெய்டன் நகரில் கோர்ட்டர், கிரெண்டல் என்ற இருவர், இரத்தச் சிவப்பணுக்களின் கொழுப்பை அசிட்டோன் விட்டுப் பிரித்து, தண்ணீர் மேல் ஒற்றைப் படலமாகப் பரப்பி அளந்தார்கள். அணுக்களின் மொத்த மேற்பரப்பைப் போல இரண்டு மடங்கு வந்தது. அப்படியானால் செல்லின் சவ்வு இரண்டு அடுக்குக் கொழுப்பு! வேடிக்கை என்னவென்றால், அவர்கள் கொழுப்பை முழுசாகப் பிரிக்கவில்லை. அணுவின் பரப்பையும் குறைத்தே கணக்கிட்டிருந்தார்கள். இரண்டு தப்பும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு விடை சரியாக வந்துவிட்டது. கணக்குப்பதிவியல் படிப்பவர்கள் இதைத்தான் 'ஈடுசெய் பிழை' என்பார்கள்.

அதே 1925-ல் இங்கிலாந்தில் லீத்ஸ் என்பவர் கொழுப்புப் படலத்தில் கொலஸ்ட்ராலைக் கலந்து பார்த்தார். இரண்டின் பரப்பையும் கூட்டினால் வரவேண்டியதை விடக் குறைந்த இடமே பிடித்தது. கொழுப்பு மூலக்கூறுகளின் ஆடும் வால்களை நிமிர்த்தி, கூட்டமான பஸ்ஸில் ஆட்கள் நிற்பது போல நெருக்கிவிடுகிறது கொலஸ்ட்ரால்.

அயனித் திரவங்களின் கதை இன்னும் பழையது. 1914-ல் ரீகாவில் இருந்த பால் வால்டன், 12 டிகிரி செல்சியஸிலேயே உருகும் எத்தில் அம்மோனியம் நைட்ரேட் என்ற உப்பைப் பற்றி எழுதினார். அறை வெப்பத்திலேயே திரவமாக இருக்கும் உப்பு! வெகுகாலம் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1992-ல் காற்றிலும் நீரிலும் கெடாத வகைகளை வில்க்ஸும் சவரோட்கோவும் வெளியிட்ட பிறகுதான் மவுசு வந்தது. ஆவியாவது மிகக் குறைவு, காற்றைக் கெடுக்காது என்று 'பசுமைக் கரைப்பான்' பட்டமும் கட்டினார்கள். கொஞ்சம் அவசரப்பட்டுத்தான்! 2000-களில் நீர்வாழ் உயிர்களிலும் பாக்டீரியாக்களிலும் சோதித்தபோது பல வகைகள் விஷமென்று தெரிந்தது. நேர் அயனியில் தொங்கும் கார்பன் சங்கிலி நீள நீள, பொதுவாக விஷமும் ஏறியது. எண்ணெய்ப் பசையுள்ள அந்தச் சங்கிலி நேராகச் சவ்வின் கொழுப்புக்குள் செருகிக்கொண்டு அதைத் தளர்த்திவிடுகிறது.

இங்கேதான் லீத்ஸின் பழைய சோதனை உதவிக்கு வருகிறது. கொலஸ்ட்ரால் கலந்த செயற்கைச் சவ்வுகளில் செய்த பல சோதனைகளில் அயனித் திரவம் உள்ளே நுழைவது குறைந்தது. நெரிசலான பஸ்ஸில் புதிதாய் ஒருவர் ஏறுவது கஷ்டம்தானே! பெரும்பாலான பாக்டீரியாக்களின் சவ்வில் கொலஸ்ட்ரால் கிடையாது. மனித செல்லில் நிறைய உண்டு. ஆகவே மனித செல்லை விட்டுவிட்டு பாக்டீரியாவை மட்டும் கொல்லும் மருந்தாக இவற்றை ஆக்க முடியுமா என்று ஆராய்கிறார்கள். ஆனால் அளவு கூடினாலோ சங்கிலி நீண்டாலோ மனித செல்லும் தப்புவதில்லை.