சயாம் ரயிலும் மன்னிப்பும்

மன்னிப்பதென்றால் மறந்துவிடுவது என்று கருதுவோர் சயாம் மரண ரயிலின் சரித்திரத்தை நோக்குக. 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் இட்ட 415 கிலோமீட்டர்ப் பாதைக்குப் பேராக் உள்ளிட்ட மலாயாத் தோட்டங்களினின்றும் தமிழர் பல்லாயிரவர் கொண்டுபோகப்பட்டனர். வாந்திபேதிக்கு இரையானோர் பெரும்பாலார்க்குப் பெயர் பொறித்த கல்லும் இல்லை.

அப்பாதையில் ரேடியோ வைத்திருந்த குற்றத்திற்காக வதைக்கப்பட்டவர் எரிக் லோமாக்ஸ் என்னும் பிரிட்டிஷ் இராணுவ உத்தியோகஸ்தர். ஐம்பதாண்டு வரை அவர் நெஞ்சில் பகை கனன்றது. வதையின்போது மொழிபெயர்ப்பாளராக நின்ற நகாசே தகாஷி, 1993இல் காஞ்சனபுரியில் அவரைச் சந்தித்துத் தலைவணங்கி வருந்தினார். லோமாக்ஸ் பின்னர் எழுத்திலேயே மன்னிப்பளித்தார். எதையும் மறந்து அளித்ததன்று அது. பகையினின்று விடுபட்டதும் அவரே!

நம் லயங்களிலும் மன்னிக்கவல்ல நெஞ்சங்கள் இருந்தன. அவர்களிடம் கேட்கச் சென்றவர் எத்தனை பேர்? 1967இல் ஜப்பான் மலேசியாவுக்கு ஒப்புக்கொண்ட ஈடு இரண்டரைக் கோடி வெள்ளி. அது கப்பல்களாக வந்து சேர்ந்தது.