பேரலல் போர்ட் புராணம்

பொட்டி தட்டுகிற வேலை என்று சொன்னால் ஊரில் எல்லோருக்கும் புரிந்துவிடுகிறது. பொட்டியில் எந்த இடத்தைத் தட்டுகிறாய் என்று யாராவது கேட்டால்தான் எனக்கு நாக்கு குழறும். நான் தட்டுவது லினக்ஸ் கெர்னலுக்குள் இருக்கும் டிவைஸ் டிரைவர்களை. புதிதாக எழுதுவது குறைவு. யாரோ எப்போதோ எழுதி வைத்ததை ஓட வைத்துக்கொண்டே இருப்பதுதான் பிழைப்பு.

டிரைவர் என்றால் ஒன்றுமில்லை, துபாஷி. பிரிண்டர் ஒரு பாஷை பேசும், மோடம் வேறொன்று பேசும், கெர்னலுக்கு இரண்டும் தெரியாது. டூப்ளேவுக்கு ஆனந்தரங்கப் பிள்ளை இருந்த மாதிரி நடுவில் ஒருவர் நின்று இரண்டு பக்கமும் பேச வேண்டும். (பிள்ளைவாள் டைரி எழுதினார், டிரைவர் லாக் எழுதுகிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.) துபாஷி வராமல் போனால், கெடாத சாதனமும் செத்த சாதனம்தான். இந்தப் பதிவு அப்படிச் சாகாமல் தப்பித்த ஒன்றைப் பற்றி. கொஞ்சம் டெக்னிக்கல் ஜல்லி இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு ஆலுவாவில். அப்பா மட்டாஞ்சேரியில் ஒரு மிளகு வியாபாரியிடம் கணக்கு எழுதினார். எர்ணாகுளம் வரை ரயில், அங்கிருந்து போட். கோடை விடுமுறையில் என்னையும் சில நாள் கூட்டிக்கொண்டு போவார். மிளகு, சுக்கு, ஏலக்காய் வாசனைக்கு நடுவே ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் ‘கிர்ர்ர்’ என்று கத்திக்கொண்டிருக்கும். வெள்ளை, ரோஸ், மஞ்சள் என்று மூன்று தாள், நடுவே கார்பன். இங்க் பீய்ச்சுகிற பிரிண்டரால் கார்பன் காப்பி எடுக்க முடியாது, ஊசி குத்த வேண்டும். அதனால்தான் மேலை நாடுகளில் வீட்டு மேசைகளிலிருந்து டாட் மேட்ரிக்ஸ் ஒழிந்து பல வருடம் கழித்தும் நம் ஊர்க் கடைகளிலும் கிட்டங்கிகளிலும் டிவிஎஸ், விப்ரோ, எப்சன் பிரிண்டர்கள் கத்திக்கொண்டிருந்தன.

அந்தப் பிரிண்டரையும் கணினியையும் சேர்க்கும் தடித்த கேபிள் போய்ச் சொருகும் இடம்தான் நம் கதாநாயகன், பேரலல் போர்ட். 1970-ல் சென்ட்ரானிக்ஸ் கம்பெனி தன் பிரிண்டருக்குக் கொண்டுவந்த இணைப்பு அது. 1981-ல் ஐபிஎம் பிசியோடு 25 துளையாகக் கணினியின் முதுகில் வந்து உட்கார்ந்தது. 8 கம்பி தகவலுக்கு, 5 கம்பி பிரிண்டர் பேச (‘பேப்பர் தீர்ந்துபோச்சு’ என்பதற்கே தனிக் கம்பி!), 4 கம்பி கணினி அதட்ட, மீதி எர்த். இதன் அழகு என்னவென்றால் உள்ளே ரகசியமே கிடையாது. ஒரு முகவரியில் ஓர் எண்ணை எழுதினால் அந்தந்தக் கம்பியில் 5 வோல்ட் வந்து நிற்கும். ஒரு எல்ஈடி, ஒரு ரெசிஸ்டர் இருந்தால் போதும், பத்து ரூபாயில் கணினியை விட்டு வெளியுலகத்தைத் தொட்டுவிடலாம். தொண்ணூறுகளில் எலக்ட்ரானிக்ஸ் படித்த எந்தப் பையனுக்கும் முதல் புராஜெக்ட் இதுதான்.

லினக்ஸ் எங்களிடம் வந்தது சிடியில். பிசி குவெஸ்ட் பத்திரிகை 1996 முதல் இணைப்பாகக் கொடுக்க ஆரம்பித்தது. டவுன்லோடு என்பது நினைத்துப் பார்க்க முடியாத காலம். இன்ஸ்டால் செய்தால் பிரிண்டர் ஓடும், சவுண்ட் கார்டு சில சமயம் ஓடும், மோடம் ஓடவே ஓடாது. வின்மோடம் என்ற அந்தத் தரித்திரத்தை எத்தனை பேர் மறந்திருப்பீர்கள்? மோடம் செய்ய வேண்டிய பாதி வேலையை விண்டோஸ் டிரைவரே செய்துவிடும் என்று சிப்பைக் குறைத்து மலிவாக விற்றார்கள். டிரைவர் மூலநிரலைக் கம்பெனி தராது. அதாவது துபாஷி ஒரே ஓர் எஜமானனுக்கு மட்டும் வேலை பார்ப்பார். லூசென்ட் சிப்புக்குப் பாதி மூடிய, பாதி திறந்த ஒரு டிரைவர் கிடைத்தது. கெர்னல் மாறினால் மறுபடி கம்பைல். இணையத்துக்குப் போக மோடம் வேண்டும், மோடம் டிரைவரை எடுக்க இணையத்துக்குப் போக வேண்டும். என்ன செய்வது? பக்கத்து நெட் கஃபேயில் ஃப்ளாப்பியில் பிடித்துக்கொண்டு வந்தோம்.

பேரலல் போர்ட்டுக்கு அந்தப் பிரச்சினையே இல்லை. 1999 ஜனவரியில் வந்த 2.2 கெர்னலில் அதற்கென்று ஒரு தனிப் பகுதியே இருந்தது. டிம் வா, பிலிப் பிளண்டல் போன்றவர்கள் எழுதியது. அதற்கு முன் பிரிண்டர் டிரைவர் போர்ட்டைப் பிடித்தால் வேறு யாருக்கும் விடாது. இந்தப் பகுதி வந்த பிறகு ஒரே துளையில் பிரிண்டரும் ஜிப் டிரைவும் முறை வைத்துப் பேச முடிந்தது.

இப்போது கேரளத்துக்கு வருகிறேன். 2001 ஜூலையில் ரிச்சர்ட் ஸ்டால்மன் திருவனந்தபுரத்துக்கு வந்து இந்தியாவின் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கிவைத்தார். பள்ளிகளில் ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் மெல்ல மெல்ல விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு மாறியது. 2019-ல் அதன் வாரிசான கைட், உபுண்டுவை வைத்துச் செய்த பதிப்பு 2 லட்சத்துக்கு மேற்பட்ட பள்ளிக் கணினிகளுக்கு என்று வெளிவந்தது. அரசியல்வாதிகள் லைசென்ஸ் காசு எவ்வளவு மிச்சம் என்று கணக்குச் சொன்னார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது வேறொன்று. பள்ளி ஆய்வகத்தில் ஒரு சாதனம் ஓடவில்லை என்றால், ஏன் ஓடவில்லை என்று உள்ளே திறந்து பார்க்க ஓர் ஆசிரியருக்கு முதல்முறையாக உரிமை கிடைத்தது.

திறந்து பார்த்தவர்களில் ஒருவர் பி.பி. அஜித்குமார், டெல்லி நியூக்ளியர் சயின்ஸ் சென்டரில் விஞ்ஞானி. (அந்த நிறுவனத்தின் இன்றைய பெயர் இண்டர் யுனிவர்சிட்டி ஆக்ஸிலரேட்டர் சென்டர்.) 2004-05 வாக்கில் அவர் ஃபீனிக்ஸ் என்று ஒரு பொட்டி செய்தார். இந்தியக் கல்லூரிகளில் இயற்பியல் பரிசோதனை என்றால் பழைய ஊசல், பழைய ஸ்டாப் வாட்ச், சீனியர் ரெக்கார்டைப் பார்த்து எழுதும் விடை. அதற்குப் பதில் ஊசல் ஒளியை மறிக்கும் கணத்தைக் கணினியே மைக்ரோ செகண்ட் கணக்கில் அளந்தால்? மலிவாகச் செய்ய வேண்டும் என்பதால் பேரலல் போர்ட். மேலே பைத்தான், கீழே கெர்னலுக்குள் ஒரு டிரைவர். டிரைவர் ஏன் கெர்னலுக்குள் போக வேண்டும்? சாதாரண நிரலைக் கெர்னல் எப்போது வேண்டுமானாலும் ‘நீ கொஞ்சம் உட்கார்’ என்று நிறுத்திவிடும். அளந்துகொண்டிருக்கும்போது நிறுத்தினால் ஊசல் காத்திருக்காது. திருச்சூரில் லினக்ஸ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த சி.இ. பிரமோத் இதைப் பற்றி லினக்ஸ் கெஜட்டில் எழுதினார். ஆலுவாவிலிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகாத ஊரிலிருந்து ஒருவர் கெர்னல் டிரைவர் பற்றி உலகத்துக்கே எழுதுகிறார் என்பது எங்களுக்கு எல்லாம் அப்போது பெரிய விஷயம்.

அதைப் பார்த்து அங்கங்கே பசங்களும் சொந்தமாகப் பொட்டி செய்தார்கள். எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் அப்படி ஒன்று இருந்தது. செய்த பையனே டிரைவரும் எழுதினான். நன்றாக ஓடியது. பிறகு பையன் படிப்பு முடித்துத் துபாய்க்குப் போய்விட்டான். நான் ஒருமுறை விடுமுறையில் ஊருக்குப் போனபோது ஆய்வக மாஷ் பிடித்துக்கொண்டார். “எடோ, போன கொல்லம் ஓடின பொட்டியாக்கும். கம்ப்யூட்டரை அப்டேட் செய்தேன், அவ்வளவுதான். பொட்டிக்கு எந்தா தீனம்?”

பொட்டிக்கு ஒரு தீனமும் இல்லை. கெர்னல் மாறிவிட்டது.

இது வெளியிலிருப்பவர்களுக்குப் புரிய வைக்கக் கஷ்டமான விஷயம். லினக்ஸில் இரண்டு எல்லைகள் உண்டு. மேலே, நம் நிரல்கள் கெர்னலிடம் பேசும் எல்லை. அதை உடைத்தால் லைனஸ் டோர்வால்ட்ஸ் கடித்துக் குதறிவிடுவார். இருபது வருடத்துக்கு முந்தைய நிரலும் ஓட வேண்டும். உள்ளே, கெர்னலும் டிரைவர்களும் பேசிக்கொள்ளும் எல்லைக்கோ எந்த உத்தரவாதமும் கிடையாது. இதற்கென்றே கிரெக் குரோவா-ஹார்ட்மன் ஒரு நீண்ட விளக்கம் எழுதிக் கெர்னலோடு சேர்த்து வைத்திருக்கிறார். உதாரணம் சொல்கிறேன். 2006 நவம்பரில் வந்த 2.6.19-ல் இண்டரப்ட் வந்தால் ஓடும் ஃபங்ஷன்களிலிருந்து ஓர் அளபுருவைத் தூக்கினார்கள். 2010-ல் வந்த 2.6.36-ல் பழைய ஐயோக்டல் வாசலையே மூடினார்கள். கெர்னல் மரத்துக்குள் இருக்கும் டிரைவர்களை எல்லாம், மாற்றியவர்களே உட்கார்ந்து திருத்திவிட்டார்கள். அதுதான் அங்கே முறை. உடைப்பவரே ஒட்டவும் வேண்டும். மரத்துக்கு வெளியே, ஒரு கல்லூரி ஆய்வகத்தின் ஹார்ட் டிஸ்கில் இருக்கும் டிரைவரை யார் திருத்துவார்கள்? அப்படி ஒன்று இருக்கிறது என்றே யாருக்கும் தெரியாது.

மாஷுக்காக நான் மாற்றியது நான்கு வரி. அடுத்த அப்டேட்டுக்கு மறுபடி மெயில் வந்தது. அதற்கடுத்ததற்கும்.

ஃபீனிக்ஸ்காரர்கள் இதற்கு எடுத்த முடிவு என் மனசுக்குப் பிடித்தது. நேரம் பார்க்கும் வேலையைக் கெர்னலிலிருந்து எடுத்துப் பொட்டிக்குள்ளேயே ஒரு மைக்ரோகண்ட்ரோலரில் வைத்துவிட்டார்கள். முதலில் ஏடிமெகா 16. பிறகு 2011 முதல் எக்ஸ்பைஸ் என்ற பெயரில் யுஎஸ்பி பொட்டிகள். அவை கணினிக்குச் சாதாரண சீரியல் போர்ட் மாதிரி தெரியும். அதற்கான டிரைவர் கெர்னலில் ஏற்கனவே இருக்கிறது, கோடிக்கணக்கான சாதனங்களுக்குப் பயன்படுகிறது, அதை யாரும் உடைக்க விடமாட்டார்கள். சொந்தத் துபாஷி வைத்துக் கட்டுபடியாகவில்லை, பொட்டிக்கே ஊர்ப் பாஷையைக் கற்றுக்கொடுத்துவிட்டார்கள். டெபியனிலும் அதன் நிரல்கள் சேர்ந்தன, பிரான்சில் இயற்பியல் ஆசிரியரான ஜார்ஜ் கஸ்னதார் பொறுப்பேற்றுப் பொதி செய்தார். நாட்டில் பாதிப் பேர் ஏற்றுமதி ஆகும் கேரளத்தில், எழுதியவன் போன பிறகும் ஓடுகிற மாதிரி ஒன்றைச் செய்வது சின்ன விஷயமில்லை.

அப்படியானால் பேரலல் போர்ட் என்ன ஆனது?

கெர்னல் மூலநிரலில் மெயின்டெய்னர்ஸ் என்று ஒரு கோப்பு உண்டு. எந்தப் பகுதிக்கு யார் பொறுப்பு என்ற பேரேடு. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு நிலை எழுதியிருக்கும். சம்பளம் வாங்கிப் பார்க்கப்படுவது, பராமரிப்பில் இருப்பது, எப்போதாவது திருத்தப்படுவது, அநாதை. ஆமாம், அநாதை என்றே எழுதுவார்கள். 2012-ல் டோக்கன் ரிங் நெட்வொர்க் போனது. அதே வருட இறுதியில், லினக்ஸ் பிறந்த 386 சிப்புக்கான ஆதரவையே நீக்கினார்கள். 2019-ல் பழைய ஐஎஸ்டிஎன் டிரைவர்கள் போயின. அதே வருடம் ஃப்ளாப்பி டிரைவர் அநாதை ஆனது, சோதிக்கப் பராமரிப்பாளரிடம் ஓடுகிற ஃப்ளாப்பி டிரைவ் இல்லை. பிறகு வேறொருவர் தத்து எடுத்தார்.

இதில் எனக்கு ஒரு குறை உண்டு. ஒரு சாதனம் ‘செத்துவிட்டது’ என்ற தீர்ப்பு பெரும்பாலும் சாதனம் முதலில் செத்த ஊரில்தான் எழுதப்படுகிறது. நான் இப்போது இருக்கும் ஊரில் பேரலல் போர்ட்டைப் பார்க்க மியூசியத்துக்குப் போக வேண்டும். என் சக ஊழியர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்கள் கண்ணில் படாதது அவர்கள் கணக்கில் வராது, அவ்வளவுதான். மூன்று தாள் பில் அடிக்கிறவர்கள் கெர்னல்காரர்களுக்கு மெயில் எழுதுவதில்லையே. (மட்டாஞ்சேரிக் கடையில் ஓடியது டாஸும் விண்டோஸும்தான், மறைப்பானேன். ஆனால் எல்ஐசி மாதிரி லினக்ஸில் ஓடிய பெரிய இடங்களும் நம்மூரில் உண்டு.)

இங்கேதான் சுதீப் முகர்ஜி வருகிறார். 2015 வாக்கில் இந்தியாவிலிருந்து எழுதிக்கொண்டிருந்த அவர், 2.2 காலத்துப் பேரலல் போர்ட் பகுதியைக் கெர்னலின் புதிய டிவைஸ் மாடலுக்கு மாற்றினார். அந்த வருடம் வந்த 4.2-ல் அது சேர்ந்தது. பழைய வாசலையும் திறந்து வைத்துக்கொண்டு, அதை நம்பியிருந்த டிரைவர்களை ஒவ்வொன்றாக இந்தப் பக்கம் கூட்டி வரும் வேலை. புகழ் கிடைக்காது. யாரும் கைதட்ட மாட்டார்கள், உடைந்தால் மட்டும் திட்டுவார்கள். பராமரிப்பாளர் என்று அந்தப் பேரேட்டில் அவர் பெயர் ஏறியது. போர்டிலிருந்து அந்தத் துளை மறைந்த பிறகு தனிக் கார்டாக வாங்கிப் போடுகிறோமே, அதிலும் நம்மூர்ச் சிப் ஒன்று உண்டு. ஹைதராபாதின் மாஸ்சிப் நிறுவனத்துடையது. அந்த வியாபாரம் பிறகு தைவானின் அசிக்ஸுக்குப் போய்விட்டது, கெர்னல் பட்டியலில் மட்டும் நெட்மாஸ் என்ற பழைய பெயர் அப்படியே நிற்கிறது.

மோடத்துக்காக ஃப்ளாப்பி தூக்கிக்கொண்டு அலைந்த தலைமுறைக்கு இன்னொரு செய்தி. இன்றைய குவால்காம் 5ஜி மோடங்கள் கணினியோடு பேசும் எம்எச்ஐ என்ற பாதை 2020-ல் 5.7 கெர்னலில் சேர்ந்தது. அதைப் பராமரிப்பவர் பெயர் மணிவண்ணன் சதாசிவம். முதல் தடவை அந்தப் பேரேட்டில் அந்தப் பெயரைப் பார்த்த அன்று ஆபீசில் ஆணி எதுவும் ஓடவில்லை எனக்கு.

கடைசியாக, ஊரில் அப்பாவின் பழைய டாட் மேட்ரிக்ஸை எப்படி ஓட வைப்பது என்று கேட்கிறவர்களுக்கு. பிரிண்டர் மட்டும் என்றால் யுஎஸ்பியிலிருந்து சென்ட்ரானிக்ஸுக்குப் போகும் கேபிள் போதும். லினக்ஸ் அதை யுஎஸ்பி பிரிண்டராகவே பார்க்கும், பேரலல் போர்ட் டிரைவர் பக்கமே போகாது. ஆனால் கல்லூரியில் செய்த எல்ஈடி பொட்டி, ஸ்டெப்பர் மோட்டார் பொட்டி எதுவும் அந்தக் கேபிளில் ஓடாது. அதற்குப் பிசிஐ எக்ஸ்பிரஸ் பேரலல் கார்டுதான் வேண்டும், முகவரி பழைய 378-ல் இருக்காது, எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பூட் லாகில் பார்த்து நிரலில் மாற்றிக்கொள்ளுங்கள். மாஷுக்கும் அதைத்தான் வாங்கிக் கொடுத்தேன்.